நீல நிறம் யாருக்குச் சொந்தம்?

பதிவு கொஞ்சம் நீளம். காபியை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். சரக்குக் கப்பலில் வேலை. சிங்கப்பூர் தாண்டி தென் சீனக் கடலில் போய்வருகிறவர். "சார், எட்டாம் வகுப்பு மேப் கிளாஸ்ல கடலுக்கு நீலம் அடிக்கச் சொன்னீங்க. கடல் யாருக்குச் சொந்தம்னு கேட்டேன். யாருக்கும் இல்ல, உக்காருன்னுட்டீங்க. இப்ப நான் போற கடல்ல ஆறு பேர் பங்கு கேக்கறாங்க சார்" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று அவனை உட்காரச் சொன்னதற்குக் காரணம், பதில் எனக்கும் தெரியாததுதான். தாமதமாக அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

அவர் சொன்ன ஆறு பேர்: சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே. இதில் சீனா கேட்பதுதான் மிகப் பெரிய பங்கு. 1947-ல் அன்றைய சீன அரசு 11 கோடுகள் போட்டு ஒரு வரைபடம் வெளியிட்டது. பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசு இரண்டை நீக்கி ஒன்பதாக்கியது. 2009-ல் அதை ஐ.நா.விடமே கொடுத்தது. ஏறக்குறைய முழுக் கடலும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும்.

வளரும் நாடுகள் ஏன் கடலைக் கேட்கின்றன? எனக்குப் புரிந்த வரையில் காரணங்கள் நான்கு.

முதலாவது, வயிறு. ஏழை நாடு தன் வயலைப் பார்க்கும். தொழிற்சாலை பெருகினால் எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும். சீனா 1993 முதல், ஏற்றுமதி செய்வதைவிட அதிக எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. அதில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை வழியாக, இந்தக் கடலைக் கடந்துதான் போகிறது. அந்த வழியை இன்னொருவர் கப்பற்படை அடைத்துவிட்டால் என்ற கவலை அவர்களுக்கு உண்டு.

இரண்டாவது, பழைய காயம். 1839-ல் தொடங்கிய அபினிப் போரில் பிரிட்டிஷார் வந்தது கடல் வழியாக. தோற்ற சீனா ஹாங்காங்கை விட்டுக்கொடுத்தது. வாசலில் ஒருமுறை திருடன் வந்த வீட்டுக்காரர் வேலியைத் தெருவரைக்கும் தள்ளிப்போடுவார் அல்லவா, அதுபோல.

மூன்றாவது, சட்டம். கடலடி வளத்துக்கு உரிமை கொண்டாடும் வழக்கத்துக்குப் பெரிய தொடக்கம் வைத்தது அமெரிக்கா. 1945-ல் அதிபர் ட்ரூமன், தங்கள் கரையை ஒட்டிய கண்டத்திட்டின் வளங்கள் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று அறிவித்தார். மற்ற நாடுகளும் கிளம்பின. கடைசியில் 1982-ல் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் அந்த நாட்டின் கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு. மனிதர் வாழத் தகுந்த தீவுக்கும் இதே 200 உண்டு. வெறும் பாறைக்கு 12 மட்டும். அதுவரை பறவை உட்கார்ந்த பாறைக்கெல்லாம் ஒரே நாளில் விலை ஏறிவிட்டது!

நான்காவது, சந்தர்ப்பம். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1973-ல் அமெரிக்கப் படை வியட்நாமைவிட்டுப் போனது. 1974 ஜனவரியில் தென் வியட்நாமிடமிருந்து பாராசெல் தீவுகளின் மேற்குப் பகுதியைச் சீனா பிடித்தது. 1992-ல் பிலிப்பைன்ஸின் சூபிக் தளத்தை அமெரிக்கா காலி செய்தது. 1995-ல் பிலிப்பைன்ஸுக்கு அருகில் மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டடங்கள் தெரிந்தன. உரிமைக் குரல் பழையது. காவல்காரர் நகர்ந்தபோதுதான் கால் முன்னே வந்தது.

சீனாவை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடல் வலிமைதான் நாட்டின் வலிமை என்று மாஹன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1890-ல் புத்தகம் எழுதினார். எட்டே ஆண்டில் ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ அமெரிக்கா கைக்கு வந்தன. 1939-ல் ஜப்பான், இதே கடலின் ஸ்ப்ராட்லி தீவுகளைத் தனதாக்கிக்கொண்டது. கொடிதான் மாறுகிறது.

ஆசிரியராக என்னை உலுக்கியது வேறொன்று. சீனப் பாடப்புத்தகங்களில் நாட்டின் தென்கோடி முனை என்று 'ஜேம்ஸ் ஷோல்' என்ற இடத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது மலேசியாவின் போர்னியோ கரைக்குப் பக்கம். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து 1,500 கி.மீ.க்கும் மேல். அங்கே நிலமே கிடையாது. சுமார் 22 மீட்டர் ஆழத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் திட்டு! 1935-ல் ஒரு சீனக் குழு ஆங்கில வரைபடங்களைப் பார்த்துப் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது, மணல்மேடு என்றும் பொருள்படும் சொல்லை அதற்கு வைத்துவிட்டது. பிறகு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். பத்து வயதில் 'நம்முடையது' என்று மனப்பாடம் செய்ததை நாற்பது வயதில் யார் விட்டுக்கொடுப்பார்? எந்த அரசு விட்டுக்கொடுத்துவிட்டுத் தன் மக்கள் முகத்தில் விழிக்கும்?

பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று ஹேக் நகர நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது: கோட்டுக்குள் இருக்கும் வளங்களுக்கு வரலாற்று உரிமை என்பதற்குச் சட்ட ஆதாரம் இல்லை. ஸ்கார்பரோ திட்டு பல நாட்டு மீனவர்களும் காலங்காலமாக மீன்பிடித்த இடம் என்றும் சொன்னது. சீனா ஏற்கவில்லை. அதற்குள் சுமார் 3,200 ஏக்கர் கடலை மணல் கொட்டித் தூர்த்து, ஓடுபாதைகளும் போட்டாகிவிட்டது. தீர்ப்பு கையில் இருக்கிறது. நிறைவேற்ற அமீனா இல்லை. நடுவில் தவிப்பது படகுக்காரர்களும் நம் மாணவரைப் போன்ற மாலுமிகளும்தான்.

ஆகவே தம்பி, அன்று கேட்டாயே, அதற்குப் பதில் இது: கரையோரம் கரைக்காரருக்கு, அதற்கு அப்பால் எல்லாருக்கும். இது சட்டம். நடப்பில், காவலுக்கு நிற்க முடிந்தவர் தனதென்கிறார். இரண்டையும் சொல்லாமல் உன்னை உட்காரவைத்தது என் தவறு.

உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் ஒரு கோட்டைக் காட்டினால், அதை யார், எந்த ஆண்டு போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மை மதிக்கவே செய்வார்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தகவல் பிழை இருந்தால் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள். கப்பலில் இருக்கும் தம்பி, கரைக்கு வந்ததும் ஒரு போன் செய்.