புவேர்ட்டோ ரிக்கோ தீவின் இயற்கை ஒலிப்பதிவு

கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ, வெப்பமண்டல இயற்கை ஒலிகளை நெடுங்காலமாகப் பதிவுசெய்து ஆராய்ந்துவரும் தீவுகளில் ஒன்று. தனியொரு விலங்கின் குரலை மட்டுமன்றி, தவளை, பூச்சி, பறவை, மழை, காற்று என ஓரிடத்தில் கேட்பவை அனைத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் முறையும் இங்கே வளர்ந்தது.

தீவின் இரவை ஆள்வது கோக்கி என்னும் சிறு மரத்தவளை. ஆண் கோக்கியின் குரலில் இரண்டு சுரங்கள் உண்டு. ஏறத்தாழ 1,200 ஹெர்ட்சில் ஒலிக்கும் ‘கோ’ மற்ற ஆண்களை விலகச் சொல்கிறது. 2,000 ஹெர்ட்சை ஒட்டிய ‘கீ’ பெண்ணை அழைக்கிறது. ஆய்வாளர்கள் பீட்டர் நாரின்ஸ், ராபர்ட் கப்ரானிக்கா இருவரும் 1976இல் இக்கண்டுபிடிப்பை வெளியிட்டனர். அரை மீட்டர் தொலைவில் இக்குரல் 90 டெசிபலை எட்டும். ஹவாய்த் தீவுகளில் குடியேறிவிட்ட கோக்கியை அங்குள்ளோர் தொல்லையாகவே கருதுகின்றனர். ஒலிப்பதிவாளருக்கும் அது எளிய குரலன்று: அதற்கேற்பப் பதிவளவைக் குறைத்தால் மெல்லிய ஒலிகள் கருவியின் சொந்த இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

அப்படித் தவறக்கூடிய ஒலிக்கு எடுத்துக்காட்டு, 2005இல் சபானா செக்கா சதுப்புநிலத்தில் கண்டறியப்பட்ட சமவெளிக் கோக்கி. 7 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் அதன் குரலைப் பூச்சியின் ரீங்காரம் என்று எண்ணிக் கடந்துவிடலாம். இச்சதுப்பில் மிட்செல் எய்டு, கார்லோஸ் கொராடா-பிராவோ குழுவினர் ‘ஆர்பிமான்’ என்ற தானியங்கி ஒலிப்பதிவு முறையை நிறுவினர். ஐபாட், கார் பேட்டரி, சூரியத் தகடு எனக் கடையில் கிடைத்த பொருள்களே அதன் உறுப்புகள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் பதிவானது. நாளொன்றுக்கு 144 பதிவுகள். குரல்களை இனம்பிரிக்கும் வேலையைக் கணினி செய்தது. பலத்த மழையின்போது பதிவானவை மட்டும் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

பழைய பதிவின் மதிப்பு 2014இல் தெளிவானது. எல் யுங்கே மலைச்சாலையில் 23 ஆண்டு இடைவெளியில் பதிவுசெய்த கோக்கிக் குரல்களை நாரின்சும் செபாஸ்டியான் மீண்டெரிங்கும் ஒப்பிட்டனர். குரலின் சுருதி கூடியிருந்தது, நீளம் குறைந்திருந்தது. சுமார் 0.37 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுடன் அம்மாற்றம் ஒத்துப்போனது. முதல் பதிவின்போதே இடமும் உயரமும் குறித்து வைக்கப்பட்டதால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று. இடம், நேரம், வெப்பநிலை ஆகிய குறிப்புகள் இல்லாத பதிவு, எத்தனை இனிமையாக இருந்தாலும், ஆய்வுக்கு அதிகம் உதவாது.