தாத்தாவின் பெயர் எந்தப் புத்தகத்தில்?

இன்றைய அரங்கில் உங்களிடம் ஒரு கேள்வியோடு என் பேச்சைத் தொடங்குகிறேன். உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? அவர் தமிழகத்தின் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தார்? கெடாவில் எந்தத் தோட்டத்தில் முதன்முதலில் பேர் பதிந்தார்?

நம்மில் பலர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவோம். "ரஜூலா கப்பலில் வந்தாங்க" என்பதோடு குடும்ப வரலாறு முடிந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் நிலை வேறு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு 152,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களுக்குக் கப்பல் வாரியாகப் பட்டியல் எழுதப்பட்டது. ஆளுக்கு ஓர் எண். அதன் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர். அந்த எண் கையில் கிடைத்தால் கொள்ளுப் பேரன் தன் பூர்வீகக் கிராமத்தைத் தேடிப் போகலாம்.

நமக்கு ஏன் அப்படி இல்லை? மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1909-இல், கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்திருந்தது. அதன் பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. தன் ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய், உறவையும் தெரிந்தவரையும் திரட்டிக் கொண்டுவந்தார். அவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பிறகு கெடாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இது நீடித்தது. கங்காணியோடு வந்தவர்களுக்கு ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாததால் நேட்டாலைப் போன்ற எண்ணும் இல்லை.

ஆனால் பெயர் எழுதப்படாமல் இல்லை. பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். அதனால் கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் தினமும் பேர் ஏறியது. நம் முன்னோரின் வரலாறு அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது.

அந்தப் புத்தகம் கம்பெனிக்குச் சொந்தம். சிக்கல் இங்கேதான். 1966-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்மையாக அரசு ஆவணங்களைக் காக்கப் பிறந்தவை. தோட்ட அலுவலகத்துக் காகிதங்கள் தாமாக அங்கே போய்ச் சேர்வதில்லை. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் உடைபட்டபோது நஷ்ட ஈட்டைப் பற்றிப் பேசினோம், கோயிலைப் பற்றிப் பேசினோம். ஆபீஸ் அலமாரியிலிருந்த புத்தகங்களைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்?

இது வெறும் வம்சப் பெருமைக்கான விஷயம் அல்ல, அன்பர்களே. இந்த மண்ணிலேயே பிறந்தும், பிறப்புப் பதிவு இல்லாத காரணத்தால் சிவப்பு அடையாள அட்டையோடு வயோதிகத்தை எட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பழைய தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் செக்ரோலின் ஒரு பக்கமும் அவர்களுக்குத் துணைச் சான்றாகக் கைகொடுக்கக் கூடும். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார் யார்? 1945 முதல் 1947 வரை ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமியின் தலைமையில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற தொண்டர் படையில் இருந்தவர்கள் யார்? தலைவரின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. படையில் நின்ற நம் தாத்தாவின் பெயரை நாம்தான் தேட வேண்டும்.

தேட இடம் இருக்கிறதா? இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை அலோர்ஸ்டாரில் உள்ளது. 1882 முதல் 1943 வரை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதத் தொகுப்பு அங்கே இருக்கிறது. அதை யுனெஸ்கோ 2001-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கெடாவின் பழைய நிர்வாகம் ஜாவி எழுத்தில், மலாய் மொழியில் நடந்தது. ஆண்டுக் கணக்கும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு. 1345 என்று கண்டால் அது 1926-27 என்று புரிந்துகொள்ள வேண்டும். ஜாவி கற்ற தமிழ் மாணவர் பத்துப் பேர் இருந்தால் போதும், நமக்கு ஒரு பெரிய கதவு திறக்கும்.

25 ஆண்டு கடந்த அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிட வழி உண்டு. இரகசியம் என்று முத்திரையிட்டவை மட்டும் அந்த முத்திரை நீங்கும்வரை காத்திருக்கும். "குடும்ப விஷயம் வெளியே வரலாமா? சாதியும் கடனும் அதில் இருக்குமே?" என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். உயிரோடு இருப்பவர்களின் தாள்களுக்குக் கட்டுப்பாடு இருக்கட்டும். அதைக் காரணம் காட்டி நூறு வருடத்துப் புத்தகத்தையும் பூட்டிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறையை இரண்டாவது முறையாக ஊமையாக்குகிறோம்.

ஆகவே நேயர்களே, சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பீடோங்கிலோ நீங்கள் ஓய்வுபெற்ற கிராணியாக இருந்தால், பரணைப் பாருங்கள். பள்ளி வாரியத்திலோ ஆலய நிர்வாகத்திலோ இருந்தால், பழைய பதிவேட்டையும் நன்கொடைக் கணக்கையும் கறையானுக்குக் கொடுக்காமல் பிரதி எடுங்கள். காப்பகம் தனியாரின் ஆவணங்களையும் ஏற்றுக்கொள்கிறது, அங்கே ஒப்படையுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை அங்கே போய் வாருங்கள். கேட்பதற்கு ஆள் வந்துகொண்டே இருந்தால்தான் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.