சிறிய குருமடமும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கத்தோலிக்கராகிய நாம் நம் மண்ணில் பிறந்த குருக்களைக் குறித்துப் பெருமைப்படுகிறோம். அவர்கள் படித்து வந்த வழியைக் குறித்து அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆதலால் இந்த ஜூபிலி மலரில் புதுவைப் பெத்தி செமினேர் பள்ளியின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர விரும்புகிறோம்.

1844-ம் ஆண்டு ஜனவரியில் பொன்னான் ஆண்டகை புதுவையில் ஒரு குருக்கள் மாமன்றத்தைக் கூட்டினார். அதில் கூடிய குருக்களில் பெரும்பாலோர் பாரிஸ் வேதபோதக சபையினரான ஐரோப்பியரே. ஆயினும் சுதேச குருக்கள் பெருகினாலன்றி இந்நாட்டுத் திருச்சபை தன் காலில் நிற்காது என்பதே அங்கே ஓங்கி நின்ற எண்ணம். தேவசாஸ்திரம் படிக்குமுன் சிறுவர்களுக்கு நல்ல பொதுக்கல்வி வேண்டுமல்லவா? அவ்வாண்டே பெத்தி செமினேர் தோன்றியது. பிரெஞ்சில் அதற்குச் சிறிய குருமடம் என்று பொருள். மாமன்றத்தின் தீர்மானங்களை லுக்கே சுவாமியார் ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றார். 1845 நவம்பர் 23-ல் ரோமாபுரி வெளியிட்ட அறிவுரை, சுதேச குருக்களை உருவாக்கி அவர்களிடமே பொறுப்புகளை ஒப்படைக்கும்படி உலகெங்குமுள்ள வேதபோதகரைப் பணித்தது. நம் பக்கத்து ஊரில் எழுந்த குரல் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்று பூசை கண்ட காலம் அது. எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்பின் வாசல் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. சேரி மக்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. அவர்கள் பிள்ளைகள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. ஜூபிலி ஆண்டில் இதையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

காலப்போக்கில் குருத்துவத்தை நாடாத பிள்ளைகளும் பிற சமயத்தாரும் படிக்கும் பெரிய பள்ளியாக அது வளர்ந்தது. 1879-ல் விழுப்புரம்–புதுவை ரயில் பாதை திறக்கப்பட்டதும் நம் பக்கத்தார்க்குப் புதுவை எட்டும் தூரமாயிற்று. ஆனால் 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஊர். பள்ளிக்கூடம் போகும் பையனும் எல்லையில் சுங்கச் சோதனையைத் தாண்டித்தான் போகவேண்டும்!

1978 வரை எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையன் பி.யு.சி. படிக்கக் கல்லூரி தேடி அலைய வேண்டியிருந்தது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்ததும் அந்தப் படிப்பு பள்ளிக்கே இறங்கி வந்தது. அதன்பின் நம் பிள்ளைகள் பலருக்குப் பதினைந்து வயதில் வீட்டைவிட்டுப் போகவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. அப்போது நிம்மதிப் பெருமூச்சு விட்ட தாய்மார் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள்.