டயல் சொல்லும் சாட்சி: மதுரைப் பகுதி ரயில்வே சுவர்க் கடிகாரங்களின் மெய்ம்மை குறித்து

'விக்டோரியா ஸ்டேஷன், லண்டன், 1747' என்று எழுதிய இரட்டை முகக் கடிகாரங்கள் இந்தியாவின் பழம்பொருள் கடைகளில் பல ஆண்டுகளாக விற்பனையாகின்றன. 1747-இல் உலகின் எந்த மூலையிலும் பயணிகள் ரயில் இல்லை. விக்டோரியா நிலையம் திறக்கப்பட்டதோ 1860-இல். இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் தேவையில்லை, பள்ளிக்கூடப் பையன் போதும். ஆனால் அதே கடையில், அதே சுவரில், கருத்த மரச்சட்டத்துக்குள் 'எஸ்.ஐ.ஆர். மதுரா' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கம்பெனி இருந்தது, ஊர் இருந்தது, ஊரின் பெயரை அன்று அப்படித்தான் எழுதினார்கள். எல்லாம் பொருந்துகிறது. எல்லாம் பொருந்துவதுதான் இங்கே சிக்கல்.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் எளியது. மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் கிடைக்கும் ரயில்வே கடிகாரங்களை மதிப்பிடும்போது சேகரிப்போர் முதலில் பார்ப்பது டயலில் உள்ள கம்பெனி எழுத்தை. கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதையே. கடிகாரத்தின் உறுப்புகள் அனைத்திலும் மிக எளிதாக மாற்றக்கூடியது டயல் எழுத்து. நேர்மையாகவும் மாற்றப்பட்டிருக்கலாம், களவாகவும் மாற்றப்பட்டிருக்கலாம். ஒரு கடிகாரம் ஸ்டேஷனில் உழைத்ததா என்பதற்கு அதன் உழைப்பு விட்டுச்சென்ற தேய்மானமே முதல் சான்று.

எழுத்துக்கு ஒரு பயன் உண்டு. அது எதிர்மறைப் பயன். எது உண்மை என்று அது நிறுவாது, எது உண்மையாக இருக்க முடியாது என்று காட்டும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியாக ஈரோடு வரை பாதை போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1874-இல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே (எஸ்.ஐ.ஆர்.) ஆனது. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். தூத்துக்குடிக்குப் போனது 1876-இல். ஆகவே கிரேட் சதர்ன் பெயரும் மதுரையும் ஒரே டயலில் இருந்தால் அது விக்டோரியா 1747-இன் தம்பி. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனியின் தண்டவாளம் மதுரைப் பக்கம் வந்ததே இல்லை. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே (எஸ்.ஆர்.) உருவானது. அதற்குப் பிந்தைய கடிகாரத்தில் எஸ்.ஐ.ஆர். என்று எழுதக் காரணமில்லை. போடிநாயக்கனூர்ப் பாதை 1928-இல் திறந்து, இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளம் பிடுங்கப்பட்டு, ஐம்பதுகளில் மீண்டும் போடப்பட்டது. அப்பாதையின் நிலையப் பெயரோடு எஸ்.ஐ.ஆர். எழுத்து சேர்ந்திருந்தால், 1928-க்கும் போருக்கும் இடைப்பட்ட ஒரு சிறு சந்துக்குள் அந்தக் கடிகாரம் நுழைந்தாக வேண்டும். கொடைக்கானல் ரோடு நிலையம் முன்பு அம்மையநாயக்கனூர் என்று வழங்கியதும் இப்படி உதவக்கூடிய தகவலே. இந்தச் சல்லடையில் அவசரப் போலிகள் சிக்கும். வரலாறு படித்த போலி சிக்காது.

சல்லடையைத் தாண்டியவற்றுக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்து ஆபீஸ் கடிகாரத்தின் டயல் பெரும்பாலும் வெள்ளை வண்ணம் பூசிய உலோகத் தகடு. பன்னிரண்டு அங்குல விட்டம், கறுப்பு ரோமன் எண்கள், வாரம் ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் இயந்திரம். புழுக்கத்திலும் கரிப்புகையிலும் இந்த வண்ணம் மஞ்சளிக்கும், வெடிக்கும், உரியும். உரிந்தால் திரும்பப் பூசுவார்கள். பூசும்போது அன்றைய நிர்வாகத்தின் பெயரை எழுதுவார்கள். பிரிட்டனில் 1923-இல் கம்பெனிகள் நான்காகத் திரட்டப்பட்டபோதும், 1948-இல் நாட்டுடைமை ஆனபோதும் பழைய கடிகாரங்கள் புதுப்பெயர் சூடிக்கொண்டன. அங்குள்ள சேகரிப்போர் அதைக் குறையாகக் கருதுவதில்லை. அடியில் ஒளிந்திருக்கும் பழைய பெயரின் நிழலைத் தேடுவதே அவர்களுக்கு ஒரு சுகம்.

இதே தர்க்கத்தை மதுரைக்குப் பொருத்தினால் சேகரிப்போர் விரும்பாத ஒரு முடிவு கிடைக்கிறது. 1920-இல் வந்து 1970 வரை ஸ்டேஷன் சுவரில் ஓடிய கடிகாரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் ஐம்பதாண்டுப் பணியில் கடைசி இருபது ஆண்டு தெற்கு ரயில்வேயில் கழிந்தது. இடையில் ஒருமுறை வண்ணம் பூசியிருந்தாலும் அதன் நேர்மையான முகத்தில் இருக்க வேண்டியது எஸ்.ஆர். தான், எஸ்.ஐ.ஆர். அல்ல. சந்தையோ எஸ்.ஐ.ஆர். கேட்கிறது. நடுவில் ஓர் 'ஐ' சேர்ந்தால் விலை ஏறும் என்றால், அந்த 'ஐ' எப்படியும் வந்து சேரும். இப்படி ஓர் உண்மையான ரயில்வே கடிகாரத்தின் உண்மையான எழுத்தை அழித்து, அதே கடிகாரத்துக்குப் பொருத்தமான வேறோர் எழுத்தைப் போலியாக எழுதும் விபரீதம் நடக்கிறது. பொருள் அசல், முகம் நகல். இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? என் கணிப்பில் இது முழுப் போலியைவிடப் பெரிய நட்டம். முழுப் போலி எந்தச் சான்றையும் அழிப்பதில்லை.

பரிசோதனை கடினமல்ல. இருட்டறையில் டார்ச் விளக்கைத் தகட்டின் விளிம்போரமாகச் சாய்த்துப் பிடித்தால், மேற்பூச்சுக்கு அடியிலுள்ள எழுத்துகள் மேடாகத் தெரியும். முள் சுழலும் நடுத்துளையைச் சுற்றியும், சாவித் துளையின் ஓரத்திலும் பூச்சு எத்தனை அடுக்கு என்று எண்ணலாம். சாவித் துளையைச் சுற்றிச் சாவி வழுக்கிய கீறல்கள் மேலடுக்கில் இல்லாமல் அடியடுக்கில் மட்டும் இருந்தால், கடைசிப் பூச்சு கடிகாரம் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. துடைப்பானோ கரைப்பானோ வேண்டாம், போனால் வராது.

டயலில் எழுதிய வணிகர் பெயரும் இதே எச்சரிக்கையோடு படிக்கத்தக்கது. சென்னை மவுண்ட் ரோட்டின் பி.ஆர். அண்ட் சன்ஸ் (ஓர் என்ற துரையின் பெயர் நம் வாயில் இனிஷியல் ஆகிவிட்டது), கல்கத்தாவின் ஆங்கிலோ ஸ்விஸ், பம்பாய் வெஸ்ட் எண்ட் போன்ற பெயர்கள் விற்றவரைக் குறிக்கும். இயந்திரம் செய்தவரைக் குறிக்க வேண்டியதில்லை. அதைவிட, இவ்வகை டயல் கடிகாரம் ரயில்வேக்கு மட்டும் உரியதல்ல. மில், கோர்ட், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாச் சுவருக்கும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஹார்வி மில்லும் மிஷன் பள்ளிகளும் கச்சேரிகளும் நிறைந்த மதுரையில் ரயில் வாசனையே படாத அசல் ஆங்கிலக் கடிகாரம் கிடைப்பதில் வியப்பில்லை. அதை ஸ்டேஷனுக்கு 'மாற்றல்' செய்ய ஒரு தூரிகை போதும்.

பின்கதவைத் திறந்தால் பேச்சு மாறும். உயர்ந்த ஆங்கில இயந்திரத்தில் வில்சுருளுக்குப் பக்கத்தில் கூம்பு வடிவ உருளை ஒன்று இருக்கும், ஃபியூசி என்பார்கள். சாவி கொடுத்த முதல் நாளில் சுருளின் இழுப்பு கடுமையாக இருக்கும், எட்டாம் நாளில் தளர்ந்திருக்கும். கூம்பின் குறுகிய முனையிலிருந்து அகன்ற முனைக்கு நரம்புக் கயிறோ சங்கிலியோ நகர்ந்து அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறது. ஜெர்மன், அமெரிக்க இயந்திரங்களில் பெரும்பாலும் இது கிடையாது. ஆங்கிலப் பெட்டிக்குள் யுங்ஹான்ஸ் கம்பெனியின் நட்சத்திரமோ, ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனியின் குறுக்கு அம்புகளோ பொறித்த இயந்திரம் இருந்தால் அதைச் 'சேர்த்துக் கட்டியது' என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. இயந்திரம் தேய்ந்து போனபோது கிடைத்ததை மாட்டி ஸ்டேஷனை ஓட்டியிருக்கலாம். பழைய இயந்திரத்தின் ஆணித்துளைகள் பலகையில் எங்கே, புதிய துளைகளின் உட்சுவரில் எண்ணெயும் தூசியும் எவ்வளவு, பெண்டுலம் ஆடிய இடத்தில் மரம் வெளுத்திருக்கிறதா, அந்த வெளுப்பு இப்போதைய பெண்டுலத்தின் நீளத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் பணிக்காகச் செய்த மாற்றமும் விற்பனைக்காகச் செய்த மாற்றமும் பிரிந்துவிடும். 'ஜெர்மனியில் செய்தது' என்ற ஆங்கிலப் பொறிப்பு 1887-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக்குறிச் சட்டத்துக்குப் பிறகு பரவியது. கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகாணி 1930-களுக்கு முன் கிடையாது. இரண்டும் சிறு குறிப்புகள், ஆனால் பொய் சொல்லாதவை.

ஸ்டேஷன் கடிகாரத்தை மில் கடிகாரத்திடமிருந்து பிரிப்பது அதன் மீது இருந்த கண்காணிப்பு. சூரியக் கணக்கில் மதுரை நேரம் சென்னைக்கு ஏறத்தாழ எட்டரை நிமிடம் பின்தங்கியது. ஆனால் ரயில்வே ஓடியது மெட்ராஸ் நேரத்தில்; மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரம் தந்திக் கம்பி வழியே வந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது அது மேலும் ஒன்பது நிமிடம் முன்னே போனது. ஆக, ஊர் உச்சி வெயிலுக்கும் ஸ்டேஷன் பன்னிரண்டு மணிக்கும் இடையில் இன்று சராசரியாகப் பதினேழரை நிமிட இடைவெளி. ரயில்வே பொது விதிகளின்படி தினமும் 16.00 மணிக்கு முக்கிய நிலையங்களுக்குத் திட்ட நேரம் அனுப்பப்படும். வண்டி புறப்படும் முன் கார்டு தன் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு சரிபார்ப்பார்.

இத்துடன் மதுரை வெயிலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எஃகுத் தண்டுள்ள பெண்டுலம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை விநாடி பின்தங்கும். மார்கழியில் 25 டிகிரியில் சரியாக வைத்த கடிகாரம் சித்திரையில் 38 டிகிரியில் நாளுக்கு ஆறரை விநாடி, மாதத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் இழக்கும். பள்ளிக்கூடத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஸ்டேஷனில் தந்தி தினமும் காட்டிக்கொடுக்கும். அதனால் முள்ளைத் தள்ளிச் சரிசெய்வதும், பருவத்துக்குப் பருவம் பெண்டுலத்தின் அடித் திருகைத் திருப்புவதும் வழக்கமான வேலையாக இருந்திருக்க வேண்டும். நிமிட முள்ளின் முனைப்பக்கம் விரல் பட்டு வழவழப்பான இடம், கண்ணாடிச் சட்டத்தின் கீலிலும் கொக்கியிலும் மிகையான தேய்மானம், அடித் திருகின் மரை மழுங்கிப்போன அளவு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்க்குமாறு நான் பரிந்துரைப்பது இதனால்தான். தனித்தனியாக இவை எதையும் நிறுவா. ஆனால் சோர்வில்லாமல் திருத்தப்பட்ட கடிகாரத்தின் தேய்மானம் வாரம் ஒருமுறை சாவி மட்டும் கண்ட கடிகாரத்தின் தேய்மானத்திலிருந்து வேறுபடும். பித்தளைத் தகட்டின் உட்புறத்தில் மெக்கானிக் ஊசியால் கீறிய தேதிகளும் இருந்தால் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கையெழுத்தில், ஒரே பளபளப்பில் ஐம்பதாண்டுத் தேதிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரர் சொல்லும் கதைக்கும் இதே உரைகல்தான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியிலிருந்து மீட்டது என்று ஒருவர் சொன்னால், டயலைப் பார்க்காமல் எஃகைப் பாருங்கள். கடற்கரை உப்பில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய கடிகாரத்தின் வில்சுருளும் திருகாணியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் இருந்த கடிகாரத்தினுடையவை போல இருக்காது.

சட்டத்தின் பக்கம் ஒரு முரண் உண்டு. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966-இன்படி, களவு போனதென்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருளை வைத்திருப்பவர் அது முறையாக வந்தது என்று தாமே நிரூபிக்க வேண்டும். தவறினால் முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை. ஒரு கடிகாரம் அசல் ரயில்வே கடிகாரம் என்று எவ்வளவு உறுதியாக நிறுவுகிறோமோ அவ்வளவுக்கு அதன் வரவுச்சீட்டு அவசியமாகிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. 1928-இல் போடிப் பாதைக்கு வந்த கடிகாரம் ஏதேனும் எஞ்சியிருந்தால் 2028-இல் அந்த வரம்பைத் தொடும். கழிவு ஏலத்தில் எடுத்த ரசீதைக் காயலான் கடைக்காரர் கிழித்துப் போடுவதும், வாங்குபவர் கேட்காமல் விடுவதும் வழக்கமாகிவிட்டன. ஏல எண்ணும் தேதியும் உள்ள அந்த மங்கிய தாளை, 'எஸ்.ஆர்.' என்று எழுதிய உரிந்த டயலுடன், பெட்டிக்குள் ஓர் உறையில் வைத்துக் கடிகாரத்தோடு கைமாற்றினால், அடுத்து வாங்குபவர் டார்ச் விளக்கைத் தேட வேண்டியிருக்காது.