வீடே கல்விக்கூடம்

பள்ளியின் வாயில் நம் முன்னோருக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. அது திறந்த பின்னரும் ஒதுக்கிவைக்கப்பட்ட மூலையில் அமர்ந்து பயின்றவர் பலர். ஆங்கிலத்தை நம்மவர் அடைந்த வரலாற்றில் பள்ளிக்குள்ள பங்கு பாதி. மறுபாதி வீட்டிற்கும் விடாமுயற்சிக்கும் உரியது.

கோயம்புத்தூரில் பயின்ற இரட்டைமலை சீனிவாசன், உடன் பயில்வோர் தம் சாதியை அறிந்துவிடுவரோ என அஞ்சி, மணி அடிக்கும் வரை வெளியே தனித்திருந்து படித்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவரே 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமையை எடுத்துரைத்தார்.

அண்ணலின் ஆங்கிலமும் வீட்டில் வேரூன்றியதே. தந்தை இராம்ஜி, படைப்பிரிவுப் பள்ளியின் ஆசிரியராக இருந்தவர். ஹோவர்டு எழுதிய ஆங்கிலப் பாடநூல்களை மகனை மனப்பாடம் செய்வித்தார். மராத்தியிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்க்கப் பழக்கினார். மகன் கேட்ட நூலை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமான பெண்மக்களின் நகையை வாங்கி அடகு வைத்தார். பம்பாயில் ஒற்றை அறையே குடும்பத்தின் வீடு. பின்னிரவில் எழுந்து விளக்கொளியில் படித்த அம்மாணவர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார்.

நம் காந்திகிராமம் 1947இல் தோன்றியது. டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் அதனை நிறுவினர். 1956இல் அமைந்த கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி தாய்மொழியை அடித்தளமாகக் கொண்டது. அதில் நமக்கு மாறுபாடில்லை. தாய்மொழியில் தெளிவாக எண்ணாதவன் பிறமொழியில் தெளிவாக எழுத இயலாது. ஆயினும் உயர்நீதிமன்றத்திலும் உயர்கல்வியிலும் ஆங்கிலம் கோலோச்சும் வரை, அதனை அறியாதவன் தன் வழக்கைப் பிறர் வாயால்தான் பேச வேண்டும். அந்நிலை நமக்கு ஏன்?

இராம்ஜி காட்டிய முறை இன்றும் பயன்தருவது. நாள்தோறும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். அதனைத் தமிழாக்குங்கள். மறுநாள் மூலத்தைப் பாராமல் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிழை எங்கே என்பது தானே புலப்படும். அகராதி எப்போதும் அருகிருக்கட்டும். பேச்சுப் பழக்கத்திற்கு நண்பர் இருவர் மாலையில் கூடி, அன்று படித்ததை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளலாம். பிழையாகப் பேசினால் நகைப்பரே என்னும் அச்சம் வேண்டா. வாய் திறவாமல் இருப்பதே பெரும்பிழை.

சின்னாளபட்டியிலோ ஆத்தூரிலோ தறி நெய்யும் வீட்டிலும், கூலி வேலை முடித்துத் திரும்பும் வீட்டிலும் அரைமணி நேரம் கிட்டாமற் போகாது. மூத்தோர் அந்த நேரத்தை வீட்டுவேலையால் பறிக்காதிருப்பாராக. கற்ற இளைஞர், தம்பி தங்கையரையும் அருகில் அமர்த்திக்கொள்வாராக. நகையை அடகு வைத்து நூல் வாங்கிய அந்தத் தந்தைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.