கண்ணாடி மாளிகையில் கால்பந்து

கிரிஸ்டல் பேலஸ் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கால்பந்து அணி. ஆனால் அந்தப் பெயர் முதலில் ஒரு கட்டிடத்துக்கு உரியது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் இரும்பாலும் கண்ணாடியாலும் வடிவமைத்த மாளிகை அது. கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து எடுத்துப்போய், தென் லண்டனில் சிடன்ஹாம் குன்றின்மேல் இன்னும் பெரிதாகக் கட்டி 1854-இல் திறந்தார்கள். சிலைகள், இசைக் கச்சேரிகள், வாணவேடிக்கை எல்லாம் காட்டி பாமர மக்களின் ரசனையை உயர்த்துவதுதான் திட்டம். ரசனை உயர்ந்ததோ இல்லையோ, நடத்திய நிறுவனத்தின் கடன் உயர்ந்தது!

கடைசியில் கைகொடுத்தது விளையாட்டு. பாக்ஸ்டன் ஆசையாக அமைத்த பிரம்மாண்ட நீரூற்றுகளுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. அதில் ஒரு தொட்டியைத் தூர்த்து, புல் வளர்த்து மைதானம் ஆக்கினார்கள். 1895 முதல் 1914 வரை எஃப்.ஏ. கோப்பையின் 20 இறுதிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. முதல் போட்டியில் ஆஸ்டன் வில்லா முதல் நிமிடத்திலேயே கோல் அடித்துவிட, அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்த பலர் அதைப் பார்க்கவே இல்லை. அன்று விழுந்தது அந்த ஒரே கோல்தான், பாவம்.

1901 இறுதிப் போட்டிதான் இவற்றில் சுவாரசியமானது. டாட்டன்ஹாம் அப்போது லீக்கில்கூட இல்லாத அணி. எதிரே ஷெஃபீல்டு யுனைடெட். பார்க்க வந்தவர்கள் 1,10,820 பேர். வரிசையான படிக்கட்டு இருக்கைகள் எல்லோருக்கும் இல்லை; பெரும்பாலோர் புல்சரிவில் நின்றார்கள், சிலர் மரத்தில் ஏறினார்கள். ஷெஃபீல்டுக்கு நடுவர் கொடுத்த இரண்டாவது கோலில் பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று இன்றுவரை பேச்சு உண்டு. 2-2 என்று சமனில் முடிய, மறு ஆட்டம் போல்டன் நகருக்குப் போனது. ரயில் நிறுவனம் சலுகைக் கட்டணம் தர மறுத்ததால் வந்தவர்கள் சுமார் இருபதாயிரம் பேர்தான். பெருங்கூட்டத்தை நம்பி உள்ளூர்க் கடைக்காரர்கள் சுட்டு வைத்த பை பலகாரம் மலைபோல் மிஞ்சியது. அந்த நாளுக்குப் 'பை சனிக்கிழமை' என்றே பெயர் வந்துவிட்டது. டாட்டன்ஹாம் 3-1 என்று வென்றது. 1888-இல் லீக் தொடங்கிய பிறகு, லீக்குக்கு வெளியே இருந்து கோப்பையை வென்ற ஒரே அணி அதுதான்.

கிரிக்கெட்டும் உண்டு. டபிள்யூ.ஜி. கிரேஸ் ஐம்பது வயதுக்கு மேல் குளோஸ்டர்ஷயரை விட்டு இங்கே வந்து, லண்டன் கவுன்டி என்ற அணியை நடத்தினார். 1904-க்குப் பிறகு முதல்தர ஆட்டம் நின்றது.

கிரிஸ்டல் பேலஸ் அணி 1905-இல்தான் தொடங்கியது. முதல் உலகப் போரில் கடற்படை இடத்தை எடுத்துக்கொள்ள, 1915-இல் அந்த அணி தன் பெயருக்குரிய இடத்தை விட்டே வெளியேறியது. இறுதிப் போட்டியும் திரும்பி வரவில்லை. 1936 நவம்பர் 30 இரவு மாளிகை எரிந்து போனது. அடுத்த ஆண்டே பூங்காவில் கார் பந்தயம் தொடங்கியது. டாட்டன்ஹாம் ஆடிய இடத்தில் 1964-இல் தடகள அரங்கம் எழுந்தது.