கிளிஞ்சல் பொறுக்கும் கலை

அறிவை வளர்க்கும் விளையாட்டுப் பொருள்களின் வரலாறு கூறப் புகுவோர் பெரும்பாலும் மேனாட்டுப் பொம்மைக் கடைகளிலிருந்தே தொடங்குவர். நான் இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளியின் வாயிலை மிதியாத பிள்ளைக்கும் இக்கரையில் பாடப்பொருள் காலடியில் கிடந்தது. பல்லாங்குழியின் 14 குழிகளில் சோழியை இட்டு ஆடிய சிறுமிக்குக் கணக்கு வீட்டுத் திண்ணையிலேயே கைவந்தது அன்றோ?

சங்கின் கதை இன்னும் பழமையானது. வைகை கடலை அடையும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் நிகழ்ந்த அகழாய்வுகளில் உரோமானிய நாணயங்களோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்துள்ளன. வணிகர் சங்கை அறுத்து வளையல் செய்தனர். அதனை ஓர் உயிரின் கூடாக எண்ணி ஆராய்ந்தவர் பிற்காலத்தவரே. அவருள் முதன்மையானவர், சென்னை அரசாங்கத்தின் மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல். இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி 1914-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நாம் ‘வலம்புரி’ என்று போற்றும் சங்கை உயிரியலார் ‘இடச்சுழி’ என்பர். யார் சொல்வது பிழை? இருவரும் பிழை செய்யவில்லை. உயிரியலார் கூர்நுனியை மேலாக நிறுத்தி, வாய் தம்மை நோக்குமாறு வைத்துப் பார்ப்பர். நம் முன்னோர் கூர்நுனியைக் கீழாகப் பிடித்துப் பார்த்தனர். தலைகீழாகத் திருப்பினால் வலப்புற வாய் இடப்புறம் வந்துவிடும். தோட்டத்தில் கிடக்கும் வெற்று நத்தைக் கூடு ஒன்றைக் கையில் எடுத்தால் எவரும் இதனைச் சோதித்தறியலாம். மனப்பாடம் செய்த பத்துப் பக்கங்களைக் காட்டிலும் இந்தச் சிறு சோதனை மேலானது என்பது என் கருத்து.

பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தொகுதி வெளியிட்டது. 1949-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது.

ஆயினும் இக்கரையில் சேர்க்கும் ஆசைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. சிறுவர் பொறுக்கிய கிளிஞ்சலால் கடல் வறிதாகவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளைப் படகு படகாக வெட்டி எடுத்ததே பெருங்கேடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. அலையைத் தடுத்து நின்ற பாறைகள் அழிந்தமை அதற்கு ஒரு காரணம் என்பர் ஆய்வாளர். இத்தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளமும் சிலவகைச் சங்கு, சோழி இனங்களும் சட்டப் பாதுகாப்பைப் பெற்றன. ஆகவே இன்று பவளத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றமாகும்.

அதனால் விளையாட்டு நின்றுவிடவில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். அலை ஒதுக்கியதைக் கிடந்த இடத்திலேயே வரைந்து, நாளையும் ஓதத்தின் நிலையையும் எழுதி வையுங்கள். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்குண்ட பொருள் ஒன்று தென்பட்டால் அதனைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். அது சங்கின் முட்டைக்கூடாக இருக்கலாம். வீட்டிலோ, உடைந்த மட்டி ஓட்டின்மீது எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுங்கள். சிறு குமிழிகள் எழும். அவை கரியமில வாயு. முட்டை ஓட்டிலும் சுண்ணாம்புக் கல்லிலும் அவ்வாறே செய்து பார்த்து, மூன்றினையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.